அம்மாவின் ரத்த வகை

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவளுடைய தையல் மெஷினுக்குப் புதுப் பெல்ட் மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. பழைய தோல் வார் இழுபட்டுத் தளர்ந்துபோயிருந்தது. மிதித்தால் கீழ்ச் சக்கரம் சுற்றியது, ஊசி நகரவில்லை. புது வாரை அளந்து வெட்டச் சொன்னாள். நான் கண்ணால் பார்த்தே வெட்டினேன். இரண்டு விரற்கடை குறைந்துவிட்டது.

"சரி விடு, இன்னொண்ணு வாங்கி வெச்சிருக்கேன்," என்றாள்.

"எதுக்கு ரெண்டு வாங்கினே?"

"நீ மாட்டித் தரேன்னு சொன்னியே, அதான்."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா சத்தமாகச் சிரித்தார். இரண்டாவது வாரை அம்மாவே அளந்தாள். நான் துளையிட்டு, கம்பிக் கொக்கியை மாட்டி, இடுக்கியால் நெரித்தேன். அந்த அரை மணி நேரத்தில் அவள் இரண்டு முறை உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. மூட்டுவலிக்காக ஒரு மாதமாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள், பெரும்பாலும் வெறும் வயிற்றில். மாத்திரை விஷயம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆனால் உதடு அப்போதே தெரிந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குப் போய், அங்கே எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று தணிக்கை செய்வது என் தொழில். ரத்தம் வற்றிய முகம் ஒரு கை தூரத்தில் இருந்தது. நான் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முப்பத்தோரு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தையல் அறையில் வேலை பார்த்தாள். கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத அறை. ஆறு மெஷின்கள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் துணி. ஆபரேஷன் துணியின் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். அறுக்கும் இடம் மட்டும் அதன் வழியே தெரியும். அந்த ஓட்டையை வெட்டுவதற்கு அம்மா தகரத்தில் ஐந்து அச்சுகள் செய்து வைத்திருந்தாள். அச்சைத் தவிர வேறு எதையும் நம்ப மாட்டாள். பெரிய டாக்டரிலிருந்து கூட்டுகிறவர்கள் வரை எல்லாருக்கும் அவள் தையலக்கா.

கிழிந்த விரிப்பைப் பார்த்ததுமே அது எந்த வார்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். ரத்தக் கறையை வெந்நீரில் போட்டுவிட்ட சலவைக்காரரோடு வாரம் ஒரு முறை சண்டை. "வெந்நீர்ல போட்டா அது குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிடும், அப்புறம் காலி பண்ணாது," என்று அவரிடம் சொன்னதை வீட்டில் வந்து நடித்துக் காட்டுவாள்.

இன்னொரு கதையும் சொல்வாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்து நாற்பது ஆபரேஷன் துணிகளை ஒரு சாண் குறைத்து வெட்டிவிட்டாள். மறுநாள் கண்காணிப்பாளர் வருகிற நாள். அம்மா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை, இருட்டிய பிறகுதான் வந்தாள். நாற்பதையும் ஓரம் மடித்துக் குழந்தைகள் வார்டுக்கான சின்ன விரிப்புகளாகத் தைத்து அடுக்கியிருந்தாள். கண்காணிப்பாளர் வந்து பார்த்து, நல்ல யோசனை என்று அந்தப் பெண்ணைப் பாராட்டினாராம். எனக்கு அப்போது இருபது வயது. இப்படிப் பூசி மெழுகுவது தப்பு, நடந்ததை எழுதி வைத்திருக்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். அவள் கோபிக்கவில்லை.

"துணி எங்கேயும் போகலடா. விட்டிருந்தா அந்தப் பொண்ணுதான் போயிருக்கும்."

அந்தக் கதையில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கு முந்திய வருஷம் நான் ரத்தப் பரிசோதனை டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாடத்தில் தோற்றிருந்தேன். படிப்பை விட்டுவிட்டு ஏதாவது கடையில் உட்காருகிறேன் என்று தினமும் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்முறை நோட்டுக்குப் பத்துப் பேரின் ரத்த வகையைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். கல்லூரியிலிருந்து மருந்துக் குப்பிகளை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, சமையல் மேடையில் ஒரு வெள்ளைப் பீங்கான் ஓடு வைத்தேன். அம்மா தன் விரலைத் தானே நீட்டினாள். "ஊசி எனக்குப் பழக்கம்தான், குத்து," என்றாள்.

மூன்று சொட்டு ரத்தம், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மூன்றாவது மருந்துதான் பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்வது. ரத்தம் குறுணை குறுணையாகத் திரண்டால் பாசிட்டிவ். ஆனால் அந்தக் காலத்து மருந்து மெதுவாக வேலை செய்யும். குப்பியின் குளிர் போக வேண்டும், ஓடு லேசாகச் சூடாக இருக்க வேண்டும், இரண்டு நிமிஷம் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நான் பிளாஸ்கிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினேன். அரை நிமிஷம் பார்த்தேன். திரளவில்லை. ஓ நெகட்டிவ் என்று எழுதிக்கொண்டு அடுத்த விரலுக்குப் போய்விட்டேன்.

நூறு பேரில் சிலருக்குத்தான் நெகட்டிவ். ஆசிரியர் நோட்டைப் பார்த்துவிட்டு, வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்தி, இவன் ஒரு நெகட்டிவைக் கண்டுபிடித்திருக்கிறான் என்றார். அந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அம்மாவுக்கு ஒரு அட்டை எழுதி, கண்ணாடித் தாள் ஒட்டிக் கொடுத்தேன். பெயர், பிறந்த தேதி, சிவப்பு மையில் ரத்த வகை, கீழே என் கையெழுத்து. அவள் அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். தையல் அறையில் எல்லாரிடமும் காட்டினாள். அம்மாவுக்குக் கோபம் வரும்போதெல்லாம், மகனே சோதித்துச் சொன்ன நெகட்டிவ் ஆயிற்றே என்று அப்பா கிண்டல் செய்தார். படிப்பை விடுகிற பேச்சை நான் விட்டேன்.

என் தங்கை எனக்கு நான்கு வருஷம் இளையவள். அம்மா நிஜமாகவே நெகட்டிவ் என்றால், எங்கள் பிரசவங்களில், நெகட்டிவ் தாய்மார்களுக்கென்றே இருக்கும் ஓர் ஊசியை அவளுக்குப் போட்டிருப்பார்கள், குறைந்தபட்சம் அதைப் பற்றி யாராவது பேசியிருப்பார்கள். அந்தக் கேள்வி இருபத்தைந்து வருஷத்தில் எனக்கு ஒரு முறையும் எழவில்லை.

பெல்ட் மாட்டிய ஞாயிறுக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை காலை அம்மா குளியலறையில் விழுந்தாள். கறுப்பாக வாந்தி எடுத்திருந்தாள். வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஐந்து இருந்தது. உடனே இரண்டு பை ரத்தம் ஏற்ற வேண்டும் என்று டியூட்டி டாக்டர் எழுதினார். மணி ஒன்பது நாற்பது.

ரத்தம் ஏற்றுவதில் ஒரு விதி உண்டு. நோயாளியின் சாம்பிளை ஒருவர் எடுத்தால், வேறு நேரத்தில் வேறொருவர் இரண்டாவது சாம்பிள் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே வகை என்று வந்தால்தான் பை வெளியே வரும். பக்கத்துக் கட்டில்காரரின் ரத்தத்தை இவர் பெயர் எழுதிய குழாயில் ஊற்றிவிட்டால், இரண்டாவது சாம்பிள் காட்டிக்கொடுத்துவிடும். சில இடங்களில் சோம்பல்பட்டு ஒரே குத்தில் இரண்டு குழாயை நிரப்பி, நேரத்தை மட்டும் மாற்றி எழுதுவார்கள். அப்படி ஏழெட்டு இடங்களை நான் தணிக்கையில் பிடித்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் உண்டு.

பத்தரைக்கு பிளட் பேங்கிலிருந்து தகவல் வந்தது. ஓ பாசிட்டிவ். நான் அம்மாவின் பர்ஸிலிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்து நீட்டினேன்.

மாடியிலிருந்து பிளட் பேங்க் டெக்னீஷியன் பெண்ணே இறங்கி வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். காதில் பேனாவைச் செருகியிருந்தாள். அட்டையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"சார், ரெண்டு சாம்பிள்லயும் ஒரே வகைதான் வந்திருக்கு. கார்டைப் பார்த்து நாங்க ரத்தம் குடுக்கிறதில்ல சார்."

அவள் சொன்னதுதான் விதி. நான் போகிற இடங்களில் எல்லாம் இதே வாக்கியத்தைச் சொல்கிறவர்களுக்கு முழு மதிப்பெண் போடுவேன்.

"ரெண்டு சாம்பிள் இல்லம்மா, ஒரே குத்துல ரெண்டு குழாய். எனக்கா தெரியாது?" என்றேன். என் அடையாள அட்டையையும் காட்டினேன்.

சாம்பிள் எடுத்த இரண்டு நர்ஸும் அங்கேதான் நின்றார்கள். இரண்டாவது சாம்பிள் எடுத்தபோது நான் கீழே பதிவு கவுன்ட்டரில் இருந்தேன். கட்டிலருகே இருந்தவர் அப்பா. அவர் என் கையைப் பிடித்து, ரெண்டாவது தடவை வேற பொண்ணு வந்து குத்திச்சுடா, நான் பார்த்தேன் என்றார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இருங்கள் என்று அத்தனை பேர் முன்னால் அப்பாவிடம் சொன்னேன். அவர் நாற்பது வருஷம் வீடு வீடாக ஏறி மின்சார மீட்டர் படித்தவர். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வது அவருடைய தொழில். அவர் நகர்ந்துபோய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா மூச்சு முகமூடிக்குள் ஏதோ சொல்ல முயன்றாள். கையைத் தூக்கினாள். "நீ பேசாதேம்மா, நான் பார்த்துக்கறேன்," என்று கையைக் கீழே வைத்தேன்.

டியூட்டி டாக்டர் பொறுமையாகப் பேசினார். இந்த வயதில், இந்த நிலைமையில், நெகட்டிவ் ஆளாகவே இருந்தாலும் பாசிட்டிவ் ரத்தம் ஏற்றலாம், தாமதம்தான் ஆபத்து என்றார். அதுவும் சரி. அறுபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு உயிர் போகிற அவசரத்தில் அதைத்தான் செய்ய வேண்டும் என்று நான் வகுப்பே எடுத்திருக்கிறேன். அவரிடம் அதை எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் தயங்கினார். அந்தத் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். பாசிட்டிவ் ரத்தம் ஏற்ற எனக்குச் சம்மதமில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியிலிருந்து நெகட்டிவ் ரத்தம் தேடச் சொன்னேன்.

முதலில் கேட்ட பிளட் பேங்கில் இல்லை. இரண்டாவது பிளட் பேங்கில் ஒரு பை இருந்தது, வேறொருவருக்கு ஒதுக்கியது. மூன்றாவதற்கு வண்டி போயிற்று. அந்த நேரத்தில் நான் சும்மா இருக்கவில்லை. காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்து கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கப் புகார் எழுதினேன். சாம்பிள் எடுப்பதில் விதிமீறல், பிளட் பேங்க் டெக்னீஷியன் அதை மூடி மறைக்கிறார், விதி எண் இது, உட்பிரிவு இது. நல்ல கையெழுத்தில், திருத்தம் இல்லாமல் வந்தது. நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு அம்மாவின் நாடி நூற்று நாற்பதைத் தாண்டியது. போன வண்டி இன்னும் திரும்பவில்லை. டாக்டர் என்னைப் பார்க்காமல், மூன்றாவது சாம்பிள் எடுங்கள், இவர் முன்னாலேயே எடுங்கள் என்றார். நான் பார்க்க எடுத்தார்கள். குழாயை நானே கையில் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அந்தப் பெண் குழாயை வாங்கி அதில் எழுதியிருந்த பெயரைப் படித்தாள், சீட்டோடு ஒப்பிட்டாள், மருந்து விட்டாள், சுழற்றினாள். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து எனக்குத் தெரியும்படி குழாயைச் சாய்த்தாள். அடியில் இருந்த சிவப்புக் கட்டி கரையவில்லை. பொத்தான் மாதிரி அப்படியே நின்றது.

"நீங்களே பாருங்க சார்," என்றாள்.

பாசிட்டிவ். முதல் வருஷ மாணவன்கூடத் தவறவிட முடியாத பாசிட்டிவ். இரண்டாவது சாம்பிளைப் பற்றி அப்பா சொன்னது உண்மை. அந்தப் பெண் சொன்னது உண்மை. அங்கே இருந்ததில் பொய் ஒன்றுதான், அது என் சட்டைப் பையில் இருந்தது. நான் அவளிடம் பேசவில்லை. படியிறங்கி வந்து சம்மதக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நர்ஸுகள் கட்டிலருகே வந்தார்கள். ஒருத்தி பையின் எண்ணைப் படிக்க, இன்னொருத்தி சீட்டில் சரிபார்த்தாள். பிறகு அம்மாவிடம் குனிந்து பெயரைக் கேட்டாள். காலையிலிருந்து அம்மாவிடம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முகமூடியை விலக்கித் தன் பெயரைத் தானே சொன்னாள். குரல் காற்றாகத்தான் வந்தது. மணி இரண்டு முப்பத்தைந்து. ஏறக்குறைய ஐந்து மணி நேரம்.

ரத்தம் ஏறியதும் தெளிந்தாள். புதன்கிழமை காலை எழுந்து சாய்ந்து உட்கார்ந்தாள். படுக்கை விரிப்பின் ஓரத் தையலைத் தடவிப் பார்த்து, இது யார் தைத்தது, நூல் இழுத்திருக்கிறது என்றாள். அப்பாவிடம் சிரித்துப் பேசினாள். அவர் சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்டா. அப்பவே தெரியும்."

எது என்று கேட்டேன்.

"நான் பாசிட்டிவ்னு. நீ கார்டு குடுத்த அடுத்த மாசமே ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்தேன் இல்ல? அங்க சொன்னாங்க. நான் நம்பல, ரெண்டாவது தடவை பார்க்கச் சொன்னேன். அப்பவும் அதேதான்."

"ஏம்மா சொல்லல?"

"அந்த வாத்தியார் உன்னை எழுப்பி நிக்க வெச்சுப் பாராட்டினார்னு வந்து சொன்னியே. அந்த மூஞ்சிய பார்த்துட்டு என்னத்த சொல்றது. அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் நீ பெரிய ஆளாயிட்டே."

அன்று ரத்தம் கொடுத்துவிட்டு வந்து அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஊசி வலிக்கவே இல்லை என்று மட்டும் சொன்னாள். தொடர்ந்து பல வருஷம் ரத்தம் கொடுத்தாள். அங்கே ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோதிப்பார்கள் என்பதால் என் அட்டையால் யாருக்கும் கெடுதல் வராது என்று கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். தனக்கே ரத்தம் தேவைப்பட்டாலும் அப்படித்தான் சோதிப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். சோதித்த பிறகும் ஒருவன் குறுக்கே வந்து நிற்பான் என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

பிறகு பிளட் பேங்க் பெண்ணைப் பற்றிக் கேட்டாள். வார்டு கூட்டும் அம்மாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"அதைக் கூப்பிட்டு விசாரிச்சாங்களாமே. அழுதுச்சாமே."

நான் தரையைப் பார்த்தேன். போய்ப் பேசுகிறேன் என்றேன்.

"நீ பேச மாட்டே," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. துணியின் அளவைச் சொல்வது போலச் சொன்னாள். "நான் எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் மாடிக்குப் போறேன். என் பையன் சின்ன வயசுல பண்ணின தப்பு, நான் மறைச்சு வெச்சேன், உன்மேல ஒண்ணும் இல்ல கண்ணுன்னு நானே சொல்றேன். மதியம் ரெண்டு மணிக்கு மேல போனா அங்க கூட்டம் இருக்காது. வெள்ளிக்கிழமை நடக்க விடுவாங்களான்னு டாக்டரைக் கேளு."

கேட்டேன். விடலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அம்மாவின் இதயம் நின்றது. செவ்வாய்க்கிழமை ரத்தம் போதாமல் இதயம் பட்ட பாட்டால் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். வயதும் காரணமாக இருக்கலாம் என்றார். கேஸ் ஷீட்டில் தாமதத்துக்கான காரணம் என்ற இடத்தில் 'உறவினர் சம்மதிக்கவில்லை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து. வேறு யாரும் எதையும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் சரிப்பா என்கிறார். அவர் என்னை அப்படிக் கூப்பிடுகிறவரல்ல.

பத்து நாள் கழித்து, புகாரைத் திரும்பப் பெறுவதாகக் கண்காணிப்பாளருக்குக் கடிதம் அனுப்பினேன். குடும்பத்தில் நேர்ந்த மரணம் காரணமாகத் தொடர விரும்பவில்லை என்று எழுதினேன். நான் எழுதியது தவறு என்று எழுதவில்லை. மூன்று முறை எழுதி மூன்று முறையும் அந்த வரியை எடுத்துவிட்டேன். அதைப் படிக்கிறவர்கள் என் அலுவலகத்துக்கும் தெரிந்தவர்கள்.

போன மாதம் பதில் வந்தது. புகார் திரும்பப் பெறப்பட்டாலும், அதன் பேரில் ஏற்கெனவே சம்பந்தப்பட்ட டெக்னீஷியனுக்கு எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை வழங்கப்பட்டு அவருடைய பணிப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுள்ளது, தங்கள் அக்கறைக்கு நன்றி என்று இருந்தது.

அம்மாவின் சிகிச்சைக் காகிதங்களை வாங்க அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் காலையில் போனேன், கூட்டமாக இருக்கிற நேரத்தில். மாடிக்கு இருபத்திரண்டு படி. ஏறியதும் இடது பக்கம் இரண்டாவது கதவு. அந்தப் பெண் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள் என்று கூட்டும் அம்மாள் சொன்னாள். தையலக்கா ஏதோ சொல்லணும்னு இருந்தாங்களே, என்ன அது என்றும் கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.